90 டிகிரியில் ப்ராசஸர் எரியாது

"சிஸ்டம் ஓவர்ஹீட் ஆகுது சார். ப்ராசஸர் எந்த நேரமும் போயிரும்." கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழும் தீர்ப்பு இது. சொல்பவர் மானிட்டரில் ஓர் எண்ணைக் காட்டுவார். 85, 90, சில நேரம் 97. அது சிவப்பு எழுத்தில் இருக்கும். கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கும். தண்ணீர் கொதிப்பதே நூறு டிகிரியில்தானே, அதற்குப் பக்கத்தில் போய்விட்டதே என்று பதறி, புது ப்ராசஸருக்கோ புது போர்டுக்கோ முழு சிஸ்டத்துக்கோ தலையாட்டிவிட்டு வருவார்.

சூடு ஏறினால் ப்ராசஸர் எரிந்துவிடும் என்ற நம்பிக்கை தவறானது. அதிலிருந்து கிளைத்த இரண்டு நம்பிக்கைகளும் தவறானவை: திரையில் தெரியும் எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பது ஒன்று, எண் கூடினால் கோளாறு ப்ராசஸரில்தான் என்பது இன்னொன்று. கடந்த இருபது வருடங்களில் விற்பனைக்கு வந்த மேசைக் கணினிகளைப் பொறுத்தவரை இந்தப் பயத்துக்கு அடிப்படை கிடையாது. ஆனால் இதற்கு விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர், இ-சேவை மையம் நடத்துபவர், டிடிபி வேலை எடுத்துச் செய்பவர், பிள்ளையின் படிப்புக்காகத் தவணையில் சிஸ்டம் வாங்கிய குடும்பம். அவர்களுடைய பணம் வீணாகப் போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதைக் கோபத்தோடு எழுதுகிறேன்.

ப்ராசஸருக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். இன்றைய ப்ராசஸரில் ஒவ்வொரு கோரிலும் வெப்ப உணரி பதிக்கப்பட்டிருக்கிறது. எத்தனை டிகிரி வரை போகலாம் என்ற வரம்பைத் தயாரித்த நிறுவனமே நிர்ணயித்து வெளியிட்டிருக்கிறது. இன்டெல் கோர் ஐ5-12400க்கு அது 100 டிகிரி. ஏஎம்டியின் ரைசன் 5 5600எக்ஸுக்கு 95, ரைசன் 7 5800எக்ஸுக்கு 90. வரம்பைத் தொட்ட நொடியிலேயே ப்ராசஸர் தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தானாகவே குறைத்துக்கொள்கிறது. உச்சி வெயிலில் நடையைத் தளர்த்திக்கொள்கிற ஆளைப் போல. அப்படியும் இறங்காமல் சூடு ஏறிக்கொண்டே போனால், சூட்டை இழுத்து வெளியேற்ற மேலே பூட்டியிருக்கும் ஹீட்சிங்க் கழன்று கிடப்பது போன்ற நிலைமையில், ப்ராசஸர் மதர்போர்டுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பி மின்சாரத்தையே துண்டித்துவிடும். இந்தக் கடைசிக் காவல் விண்டோஸை நம்பி இல்லை, எந்த சாஃப்ட்வேரையும் நம்பி இல்லை. சிலிக்கனுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே 90 டிகிரியில் ஓடும் ப்ராசஸர் "எரியப் போகிறது" என்று சொல்பவர், அந்த ப்ராசஸரை வடிவமைத்தவர்கள் எழுதி வைத்ததைப் படிக்காமல் பேசுகிறார்.

அதிகச் சூட்டால் உடனடியாக வரும் கேடு வேறு. வேகம் போய்விடும். நான்கு கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய ப்ராசஸர் ஒரு கிகாஹெர்ட்ஸில் தவழும். கோப்பு திறக்க நேரமாகும், பிரிண்ட் கொடுத்தால் சிஸ்டம் அப்படியே நின்றுபோகும். இந்த நிலையில் மெஷினைக் கொண்டுபோனால் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும்: "ஃபார்மட் அடிக்கணும்", அல்லது "பழசாயிருச்சு, மாத்திருங்க". ஃபார்மட் அடிப்பதால் ஹீட்சிங்க் இறுகாது. பழசானதும் காரணமில்லை. சூட்டை வெளியேற்றும் வழியைச் சரிசெய்தால் வாங்கின நாளன்று இருந்த வேகம் அப்படியே திரும்பி வரும்.

இந்தப் பயம் ஒன்றுமில்லாமல் பிறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற தளம் ஒரு வீடியோ வெளியிட்டது. க்வேக் 3 விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ராசஸர் மேலிருந்த ஹீட்சிங்கைக் கையால் கழற்றினார்கள். இன்டெல் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது. பென்டியம் 3 உறைந்து நின்றது. ஏஎம்டி அத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது. அதற்கடுத்த வகை அத்லானில் வெப்ப டையோடு இருந்தும், சோதனையில் பயன்படுத்திய மதர்போர்டு அதைக் கவனிக்கும்படி செய்யப்படாததால் அதுவும் போய்விட்டது. அந்தப் புகையைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. ஆனால் அந்தக் குறையை ஏஎம்டியும் அடுத்த சில ஆண்டுகளிலேயே சரிசெய்துவிட்டது என்பது மட்டும் பரவவில்லை. இன்றைக்கு சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருக்கும் இருபத்தைந்து வயதுப் பையன் அந்த அத்லானைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். பயத்தை மட்டும் வேலை கற்றுக்கொடுத்தவரிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறான்.

இன்னொரு பக்கம் நம் பள்ளிக்கூடங்கள். கம்ப்யூட்டர் லேப் என்றால் ஏசி இருக்க வேண்டும், செருப்பை வாசலில் கழற்றிவிட வேண்டும், பெட்டிக்கு வெல்வெட் உறை போட வேண்டும் என்று ஒரு தலைமுறையே பழக்கப்பட்டது. அறை குளிராமல் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்ற எண்ணம் அங்கேதான் ஊறியது. உலகம் முழுக்க சர்வர் அறைகள் பின்பற்றும் ஆஷ்ரே அமைப்பின் பரிந்துரையே, உள்ளே இழுக்கப்படும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்கிறது. இரவும் பகலும் நிற்காமல் உழைக்கும் சர்வர்களுக்கான எண் அது. வீட்டு மேசைக் கணினி 35 டிகிரி அறையிலும் தாராளமாக ஓடும். உறை போட்டதோ உண்மையான தீங்கு செய்தது. சிஸ்டம் ஓடும்போதே அதை எடுக்காமல் விட்டவர்களும் உண்டு.

சரி, அந்த எண்ணுக்கே வருவோம். திரையில் தெரிவதைக் கல்வெட்டு மாதிரி நம்புகிறோம். அது எப்படி வருகிறது?

இன்டெல் ப்ராசஸருக்குள் இருக்கும் உணரி "இப்போது 63 டிகிரி" என்று சொல்வதில்லை. "வரம்புக்கு இன்னும் 37 டிகிரி பாக்கி" என்றுதான் சொல்கிறது. வரம்பு 100 என்று தெரிந்து, அதிலிருந்து 37-ஐக் கழித்து 63 என்று போடுவது நாம் ஓட்டும் சாஃப்ட்வேர். கோர் 2 டுவோ காலத்தில் அந்த வரம்பு எவ்வளவு என்று மேசைக் கணினி ப்ராசஸர்களுக்கு இன்டெல் வெளியே சொல்லவே இல்லை. சாஃப்ட்வேர் எழுதியவர்கள் ஆளுக்கொரு எண்ணை ஊகித்து வைத்தார்கள். ஒரே ப்ராசஸர், ஒரே நிமிடம், ஒரு சாஃப்ட்வேரில் 50, இன்னொன்றில் 60. இன்டெல் 2008-இல் எண்களை வெளியிட்ட பிறகுதான் குழப்பம் அடங்கியது. இந்த உணரிகள் வரம்புக்கு அருகில் துல்லியமாக இருக்கும்படி அமைக்கப்பட்டவை. வேகத்தைக் குறைக்க வேண்டிய தருணத்தைச் சரியாகக் காட்டுவதுதான் அவற்றின் வேலை. வரம்பிலிருந்து கீழே இறங்க இறங்கத் துல்லியமும் குறையும். அறையில் 33 டிகிரி இருக்கும்போது "என் சிஸ்டம் சும்மா இருக்கும்போது 29 டிகிரிதான்" என்று பெருமைப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்றால் குளிரும் எதுவும் அந்தக் காற்றைவிடக் குளிர முடியாது. உணரி தன் துல்லியமான எல்லைக்கு வெளியே நின்று ஏதோ ஒரு எண்ணைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஏஎம்டி 2017-இல் ரைசன் 7 1800எக்ஸ், 1700எக்ஸ் இரண்டையும் கொண்டுவந்தபோது உள்ளே இருக்கும் உண்மையான சூட்டோடு 20 டிகிரி கூட்டித்தான் வெளியே சொல்லும்படி வைத்திருந்தது. ஃபேன் எல்லா மாடலிலும் ஒரே மாதிரி முடுக்கப்பட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அதே குடும்பத்தில் வெறும் 1700-க்கு அந்தக் கூட்டல் கிடையாது. ஏஎம்டி விளக்கம் சொன்ன பிறகும் பழைய சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டு, 58 டிகிரியில் நிம்மதியாக ஓடிய ப்ராசஸரை 78 என்று படித்துப் பயந்தவர்கள் ஏராளம். அடுத்த வருடம் வந்த 2700எக்ஸில் அந்தக் கூட்டல் 10 ஆனது.

இவற்றையெல்லாம்விடக் கொடுமையானது 127. மதர்போர்டில் தனியாக ஒரு கண்காணிப்பு சிப் இருக்கும். அதற்குப் பல உள்ளீடுகள். போர்டு தயாரித்தவர் அவற்றில் சிலவற்றில் எந்த உணரியையும் இணைக்காமல் விட்டிருப்பார். ஹெச்டபிள்யூமானிட்டர் போன்ற சாஃப்ட்வேர் அந்த வெற்று உள்ளீட்டையும் படித்து ஒரு வரியாகப் போட்டுவிடும். குறியுடன் கூடிய எட்டு பிட்டில் எழுத முடிந்த மிகப் பெரிய எண் 127. அதனால்தான் ஊரெங்கும் பலருடைய திரையில் இம்மி பிசகாமல் அதே 127 டிகிரி நாளெல்லாம் அசையாமல் நிற்கிறது. உண்மையான சூடு ஒருபோதும் அசையாமல் நிற்காது. ஒரு விண்டோவைத் திறந்தாலே இரண்டு டிகிரி ஆடும். இந்த வெற்று வரியைக் காட்டி ஒரு சர்வீஸ் கடை, பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவனிடம் மதர்போர்டையே மாற்றச் சொன்னது. அந்த போர்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதே 127-ஐக் காட்டிக்கொண்டு.

பயாஸ் திரையில் தெரியும் சூடும் இப்படித்தான் ஆளை ஏமாற்றும். "ஒண்ணுமே ஓடல சார், பயாஸ்லயே 55 காட்டுது பாருங்க" என்பார்கள். விண்டோஸ் ஓடும்போது வேலையில்லாத கோர்களைத் தூங்கவைக்கும் ஏற்பாடு முழுமையாக இயங்கும். பயாஸில் அது பெரும்பாலும் இல்லை. அதனால் அங்கே எண் கூடுதலாகத்தான் தெரியும்.

எண் சரியாகவே இருந்தாலும், அறை எவ்வளவு சூடு என்று தெரியாமல் அதற்குப் பொருளே இல்லை. ஒரு குறிப்பிட்ட வேலையில், ஒரு குறிப்பிட்ட ஃபேன் வேகத்தில், ப்ராசஸர் அறைக் காற்றைவிட இத்தனை டிகிரி கூடுதலாக இருக்கும் என்பதுதான் ஏறக்குறைய மாறாத கணக்கு. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ 21 டிகிரி அறையில் உட்கார்ந்து ஒருவர் கூலரைச் சோதித்து 68 டிகிரி என்று சொல்கிறார். அதே கூலர், அதே ப்ராசஸர், அதே வேலை. மே மாதம் வேலூரில் மின்விசிறி மட்டும் சுற்றும் 36 டிகிரி அறையில் 83 காட்டும். பதினைந்தும் வெயில் கொடுத்தது. சிஸ்டத்தில் எந்தக் கோளாறும் இல்லை. நம் ஊர்ப் பையன்கள் அந்த 68-ஐப் பார்த்துவிட்டுத் தங்கள் 83-க்காகக் காசைக் கொட்டுகிறார்கள். மார்கழியில் சரியாக இருந்த சிஸ்டம் சித்திரையில் "கெட்டுப்போனதாக"க் கடைக்கு வருவதும் இதனால்தான்.

அப்படியென்றால் சூட்டில் கோளாறே வராதா? தாராளமாக வரும். ஆனால் அது ஏறக்குறைய எப்போதும் ப்ராசஸருக்கு வெளியேதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க எண்ணைவிட நல்ல சாட்சி ஒன்று உண்டு: எண் ஏறும் வேகம். வேலையைக் கொடுத்த ஓரிரு நொடிகளில் 45-லிருந்து 98-க்குத் தாவினால், ப்ராசஸரிலிருந்து ஹீட்சிங்குக்கே சூடு போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும், ஹீட்சிங்க் சரியாக உட்கார்ந்திருக்காது, சில நேரம் புது கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பூட்டியிருப்பார்கள். வாட்டர் கூலராக இருந்தால் பம்ப் நின்றிருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல மெல்ல ஏறி 90-ஐத் தொட்டால் தொடர்பு நன்றாக இருக்கிறது, காற்றோட்டம்தான் போதவில்லை. தூசி அடைத்திருக்கும், கேபினெட் சுவரோடு ஒட்டி நிற்கும், அல்லது அறையே புழுங்கும். எந்த வேலையும் கொடுக்காமலேயே சூடாக இருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ப்ராசஸர் எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று பாருங்கள். திருட்டு சாஃப்ட்வேரோடு சேர்ந்து வந்த கிரிப்டோ மைனர் உள்ளே உட்கார்ந்து இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கலாம். அவற்றில் சில, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் பதுங்கிக்கொள்ளும். திறந்ததும் ஃபேன் சத்தம் அடங்கினால் அதுவே துப்பு.

மதுரையில் கல்யாணப் பத்திரிகை வேலை செய்யும் ஒரு டிடிபி கடை. நடத்துகிற அக்கா வைகாசி முகூர்த்த நெரிசலில் கூப்பிட்டிருந்தார். "தம்பி, ப்ராசஸர் போயிருச்சுன்னு சொல்லிட்டாங்க. அந்த மாடல் இப்ப வரலையாம், போர்டும் சேர்த்து மாத்தணுமாம். நாப்பது பத்திரிக கையில இருக்கு, எங்க போவேன்?" கோர் ஐ3-10100 போட்ட சிஸ்டம். இன்டெலோடு வரும் அதே சின்ன ஃபேன். கோரல்ட்ராவில் ஒரு கோப்பைத் திறந்ததும் எண் இரண்டு நொடிக்குள் 99-க்குப் பாய்ந்தது, வேகம் ஒரு கிகாஹெர்ட்ஸுக்கு விழுந்தது. பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், ஹீட்சிங்கின் நான்கு கறுப்பு ஊக்குகளில் மேல் வலது மூலையில் இருந்தது மட்டும் மற்றவற்றைவிட உயரமாக நின்றது. விரலால் தொட்டால் ஆடியது. கழற்றினேன். பேஸ்ட் ஒரு பாதியில் மெல்லிய படலமாக நசுங்கியிருந்தது. மறுபாதியில் கெட்டியாகக் காய்ந்து, மேலே எதுவும் பட்ட தடமே இல்லை. கடை மாறியபோது கேபினெட்டை லோடு ஆட்டோவில் நிற்கவைத்துக் கொண்டுவந்தார்களாம். குலுங்கிய குலுங்கலில் ஊக்கு பிடி விட்டிருக்கிறது.

பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதியதை வைத்து, ஊக்குகளை மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்தினேன். ஒவ்வொன்றும் "க்ளிக்" என்றது. போர்டின் பின்புறம் வெள்ளை முனை விரிந்து, அதன் நடுவே கறுப்பு ஊசி வெளியே வந்திருக்கிறதா என்று நான்கையும் பார்த்தேன். அதே கோப்பு, அதே வேலை, 71 டிகிரி.

"அப்ப ப்ராசஸர் நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்குக்கா. ஊக்குதான் கழண்டிருந்துச்சு."

அவருக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. நியாயமான கோபம். முதலில் பார்த்த கடை கேபினெட்டைத் திறந்திருக்கிறது, ஃபேனைப் பார்த்திருக்கிறது, அந்த ஊக்கைத் தொட்டுப் பார்க்கவில்லை. திரையில் சிவப்பு எண் தெரிந்ததும் விசாரணை முடிந்துவிட்டது.

பயம் வாங்கவைக்கும் வைத்தியங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கேபினெட்டில் கூடுதல் ஃபேன் போடுவது: தொடர்பு கெட்ட ஹீட்சிங்குக்கு எத்தனை ஃபேன் போட்டாலும் பயன் இல்லை, சூடு அதுவரை வந்து சேர்ந்தால்தானே காற்று அதைத் தூக்கிப் போகும். பேஸ்ட்டைத் தாராளமாக அப்புவது: இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை நிரப்புவதுதான் பேஸ்ட்டின் வேலை. மிகுந்தது பக்கவாட்டில் பிதுங்கி சாக்கெட்டில் வழியும். பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பது நம் ஊரின் பிரசித்தி பெற்ற வைத்தியம். ஐந்து நிமிடத்துக்கு அது அருமையான சோதனை. தகட்டைக் கழற்றியதும் பத்து டிகிரி இறங்கினால் கேபினெட் காற்றோட்டத்தில் கோளாறு, இறங்கவே இல்லை என்றால் ஹீட்சிங்கில் கோளாறு. அதையே நிரந்தர ஏற்பாடாக்கினால் தெருப்புழுதியும் சமையலறை எண்ணெய்ப் புகையும் ஹீட்சிங்க் இதழ்களுக்கு நடுவே கம்பளம் போல் படிந்து, சில மாதங்களில் நிலைமை முன்பைவிட மோசமாகும்.

பயத்தில் அவசரமாகக் கழற்றுவதே சேதம் செய்வதும் உண்டு. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் ஊசிக்கால்கள் ப்ராசஸரில்தான் இருக்கும். பழைய பேஸ்ட் பசை போல் இறுகியிருக்கும்போது ஹீட்சிங்கை நேராக மேலே இழுத்தால் பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்தே ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு பிடுங்கி வரும், கால்கள் வளையும். கழற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் சிஸ்டத்தை உழைக்கவிட்டு, பேஸ்ட் இளகியதும் அணைத்துவிட்டு, ஹீட்சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்க வேண்டும். 88 டிகிரியில் வருடக்கணக்கில் ஓடியிருக்கக்கூடிய ப்ராசஸர்கள், அந்த 88-ஐக் குறைக்கப் போய்க் கால் ஒடிந்து குப்பைக்குப் போயிருக்கின்றன.

"மதர்போர்டு ஆன் பண்ணதும் சிபியு ஃபேன் எரர்னு வருது, எஃப் 1 அமுக்கிட்டு ஓட்டுறோம்" என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு வகை. பயப்பட வேண்டிய இடத்தில் இவர்கள் பயப்படுவதில்லை. அந்தச் செய்திக்குப் பெரும்பாலும் இரண்டே பொருள்தான்: ஃபேன் நின்றிருக்கிறது அல்லது மெதுவாகச் சுற்றுகிறது, இல்லையென்றால் ஃபேன் வயரை சிபியு ஃபேன் முனையில் செருகாமல் பக்கத்து முனையில் செருகியிருக்கிறார்கள். இரண்டாவதாக இருந்தால் சரிசெய்ய அரை நிமிடம் போதும்.

என்னை மறுப்பவர்கள் எடுத்துவைக்கும் வாதங்களில் வலுவானவை மூன்று. "பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும்" என்ற விதி முதலாவது. அந்த விதி உண்மைதான், எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட கெபாசிட்டர் 95-இல் ஏறக்குறைய 4,000 மணி நேரம் தாங்கும் என்று கணக்கிடப் பொறியாளர்கள் பயன்படுத்துவது அது. அதை அப்படியே எடுத்து ப்ராசஸர் மேல் வைப்பது தவறு. சூட்டில் சிலிக்கனும் தேயும், மறுக்கவில்லை. அந்தத் தேய்மானத்தைக் கணக்கிட்டுத்தான் வரம்பையே வைத்திருக்கிறார்கள். 2022-இல் ரைசன் 7000 வரிசையைக் கொண்டுவந்தபோது, முழு வேலையில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கும்படிதான் இதை வடிவமைத்திருக்கிறோம் என்று ஏஎம்டி வெளிப்படையாகச் சொன்னது. எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும் அது 95-க்குப் போகப் பார்க்கும். குளிர்ச்சி மிஞ்சினால் அதை வேகமாக மாற்றிக்கொள்ளும்.

இரண்டாவது, 2023 ஏப்ரலில் சில ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் உண்மையிலேயே கருகிய படங்கள் வெளிவந்தன. ஆமாம், கருகின. காரணம் கூலர் போதாமை இல்லை. மெமரி வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ அமைப்பைப் போட்டதும் சில மதர்போர்டுகள் எஸ்ஓசி மின்னழுத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றின. ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் கட்டி வைத்துப் புதிய பயாஸ் கொடுத்தது. மூன்றாவது, இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்களில் வந்த பிரச்சினை. கேம் ஓடும்போது சிஸ்டம் விழுந்தது. சூட்டைக் குற்றம் சொன்னவர்கள் உண்டு. 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டது வேறு: மைக்ரோகோட் என்ற உள் நிரல் தவறான, மிகையான மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறது, அதனால் ப்ராசஸருக்குள் ஒரு சுற்று விரைவில் முதுமையடைகிறது. சூடும் அதற்குத் துணைபோனது என்று இன்டெலே சொன்னதை மறைக்க மாட்டேன். ஆனால் மருந்தாக வந்தது பயாஸ் வழியாகக் கிடைத்த மைக்ரோகோட் திருத்தம், கூடவே இரண்டு வருடக் கூடுதல் வாரண்டி. அந்தச் சமயத்தில் பெரிய வாட்டர் கூலர் வாங்கி மாட்டியவர்களுக்கு எண் இறங்கியிருக்கும். பயாஸைப் புதுப்பிக்காதவரை உள்ளே தேய்மானம் நடந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

இந்த இரண்டு சம்பவங்களிலும் திரையிலிருந்த வெப்ப எண்ணைப் பார்த்து யாராலும் ஆபத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது. கவனிக்க வேண்டிய இடம் பயாஸ் அமைப்பு. கோர் ஐ9-13900கே-யின் அடிப்படை மின்செலவு 125 வாட், உச்சம் 253 வாட் என்று இன்டெல் குறிக்கிறது. பல மதர்போர்டுகள் பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே அந்த 253 என்ற கட்டையும் அவிழ்த்துவிட்டிருந்தன. அப்படி ஓடும் ப்ராசஸர் 100-ஐத் தொடாமல் என்ன செய்யும்? பயாஸுக்குள் போய் இன்டெல் சொன்ன கட்டை மறுபடி போட்டால், ஒரு பைசா செலவில்லாமல் சூடு இறங்கும். அன்றாட வேலையில் வேக வித்தியாசம் தெரியவே தெரியாது.

சிஸ்டம் திடீரென்று அணைந்தால் அதையும் சூட்டின் தலையில் கட்டிவிடுகிறார்கள். வேகம் குறையாமல், எண் 60-இல் இருக்கும்போதே பட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள், ஊர் வோல்டேஜைப் பாருங்கள், யுபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள். கெபாசிட்டர்களும் ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பாகங்களும்தான் சூட்டுக்கு உண்மையில் பலவீனமானவை. அவற்றின் மேல் பெரும்பாலும் உணரிகூட இருக்காது, இருந்தாலும் யாரும் பார்ப்பதில்லை. இன்டெலின் அந்தச் சின்ன ஃபேன் கீழ்நோக்கி ஊதுவதால் சுற்றியிருக்கும் அந்தப் பாகங்களுக்கும் கொஞ்சம் காற்று கிடைக்கிறது. அதைக் கழற்றிவிட்டு வாட்டர் கூலர் மாட்டினால் ப்ராசஸரின் எண் அழகாக இறங்கும், பக்கத்தில் உள்ள பாகங்கள் காற்றில்லாமல் வேகும்.

சர்வீஸ் கடை நடத்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பில்லில் "ஓவர்ஹீட்" என்று ஒற்றை வார்த்தை எழுதாதீர்கள். அறை எத்தனை டிகிரி, எந்த வேலை கொடுத்தீர்கள், எத்தனை நொடியில் எவ்வளவு ஏறியது, வேகம் எவ்வளவு விழுந்தது, சரிசெய்த பிறகு அதே வேலையில் எவ்வளவு என்று எழுதுங்கள். அறையின் சூட்டைப் பார்க்க ஒரு சின்ன வெப்பமானி போதும். பேஸ்ட் மாற்றியதற்கும் தூசி எடுத்ததற்கும் உழைப்புக்கேற்ற கூலி வாங்குங்கள், யாரும் மறுக்கப் போவதில்லை. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள்.

வாடிக்கையாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ப்ராசஸர் போய்விட்டது என்று சொன்னால், அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். வேறொரு போர்டில், நான்கு ஊக்கும் இறுகப் பூட்டிய ஹீட்சிங்கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அதைக் கையில் வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.